அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மறக்க முடியாத தருணங்கள்: ஆபர்ன் அணியும் அந்த உதைகளும்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஏதாவது ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றில் மறக்கவே முடியாத தருணங்கள் எவை, அவை ஏன் இன்னும் பேசப்படுகின்றன என்று விளக்க முடியுமா?

எந்த அணி என்று கேள்வியில் இல்லை. அதனால் என் மனதுக்கு நெருக்கமான அணியையே எடுத்துக்கொள்கிறேன்: அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழக அணி. ஆபர்னைவிட அதிகப் பட்டங்கள் வென்ற அணிகள் உண்டு. அதே மாநிலத்தில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட ஓர் அணிதான். ஆனால் நெஞ்சு படபடக்கும் முடிவுகள் என்று பார்த்தால் ஆபர்னுக்கு ஈடாக எனக்கு வேறொரு அணி தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. பெயர் ஃபுட்பால் என்றாலும் இந்த விளையாட்டில் பந்து கையில்தான் இருக்கும், கால் பந்தைத் தொடுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஆபர்னின் தலையெழுத்து திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. ஆபர்னை நான் புரிந்துகொண்டது அந்த உதைகள் வழியாகத்தான்.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதைக்கு 1 புள்ளி. டச்டவுன் வராது என்று தோன்றினால் கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம், அது ஃபீல்ட் கோல், 3 புள்ளி. அதற்கும் தூரம் அதிகம் என்றால் நான்காவது வாய்ப்பில் பந்தை உயர உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட். பன்ட் வந்தால் பார்வையாளர்களில் பாதிப் பேர் குளிர்பானம் வாங்க எழுந்து போவார்கள். ஆபர்ன் ரசிகர்கள் எழுந்து போகமாட்டார்கள். காரணம் 1972.

அதற்கு முன் அலபாமாவோடு உள்ள பகையைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1893-இல், பர்மிங்ஹாம் நகரத்தில். 1907-இல் 6-6 என்று சமனில் முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, வீரர்களின் செலவுப் படி, நடுவர் யார் என்பது போன்ற விஷயங்களில் பேச்சு முறிந்தது. அற்பக் காசுத் தகராறுதான். ஆனால் 41 வருடம் இரண்டு அணிகளும் மோதவே இல்லை. 1948-இல் மறுபடி தொடங்கியபோது அலபாமா 55-0 என்று ஆபர்னைச் சுருட்டி எறிந்தது. வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் இந்த ஆட்டத்துக்கு அயர்ன் போல் என்று பெயர். பர்மிங்ஹாம் இரும்பு, எஃகு ஆலைகளின் ஊர் என்பதால் வந்த பெயர் அது.

ஆபர்னுக்கு 1972-க்கு முந்தைய பெருமைகளும் உண்டு. கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய தனிநபர் விருதுக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்களோ, அந்த ஜான் ஹைஸ்மன் 1895 முதல் 1899 வரை ஆபர்னில்தான் பயிற்சியாளராக இருந்தார். 1957-இல் ரால்ஃப் ‘ஷக்’ ஜோர்டன் பயிற்சியில் ஆபர்ன் பத்து ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. அந்தப் பத்து ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணிகள் எடுத்தது வெறும் 28 புள்ளிகள். அந்தத் தடுப்பாட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

சரி, 1972 டிசம்பர் 2-க்கு வருவோம். இடம் பர்மிங்ஹாமின் லீஜன் ஃபீல்ட் மைதானம். அலபாமா ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தரவரிசையில் 2-ஆம் இடத்தில் இருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் பால் பிரையன்ட், இந்த விளையாட்டின் பெருந்தலைகளில் ஒருவர். ஆபர்ன் விவசாயப் படிப்புக்குப் பெயர்போன கல்லூரி. அதை ‘மாட்டுக் கல்லூரி’ என்று பிரையன்ட் சொன்னதை ஆபர்ன்காரர்கள் மறக்கவே இல்லை. நான்காவது கால்பகுதியிலும் அலபாமா 16-0 என்று முன்னணியில் இருந்தது. ஆபர்னின் தாக்குதல் அன்றைக்கு எடுபடவே இல்லை, மொத்தமே நூறு கஜம்கூட நகரவில்லை. அந்த நிலையில் ஜோர்டன் ஒரு ஃபீல்ட் கோலுக்கு ஆளை அனுப்பினார். 16 புள்ளி பின்தங்கியிருக்கும்போது மூன்று புள்ளி எதற்கு என்று சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 16-3.

அப்புறம் நடந்ததை எழுத்தில் படித்தால் அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். அலபாமா பன்ட் உதைக்க வந்தது. ஆபர்னின் பில் நியூட்டன் நடுவில் புகுந்து, காலை விட்டுக் கிளம்பிய பந்தை அப்படியே மறித்தார். துள்ளி விழுந்த பந்து டேவிட் லாங்னர் கையில் வந்து உட்கார்ந்தது. அவர் 25 கஜம் ஓடி டச்டவுன். 16-10. சில நிமிடம் கழித்து அலபாமா மறுபடி பன்ட் உதைக்க வந்தது. மறுபடி அதே நியூட்டன் மறித்தார். பந்து மறுபடி அதே லாங்னரிடம் வந்தது. இந்த முறை 20 கஜம். கூடுதல் புள்ளிக்கான உதையும் சேர்ந்து 17-16, ஆபர்ன் வெற்றி. அலபாமாவின் கடைசி முயற்சியில் பந்தைப் பறித்ததும் லாங்னர்தான்.

இரண்டு பன்ட்டையும் இன்று ஒளிப்பதிவில் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே காட்சியை இரண்டு முறை ஓட்டுகிறார்களோ என்ற சந்தேகம் வரும். இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அலபாமாவின் ஒரு டச்டவுனுக்குப் பிறகு வந்த கூடுதல் புள்ளி உதையை ஆபர்ன் தடுத்திருந்தது. அதனால்தான் அவர்கள் 17-இல் இல்லாமல் 16-இல் நின்றார்கள். கூச்சல் போட்டு வரவேற்ற அந்த மூன்று புள்ளியும் இல்லாவிட்டால் இரண்டு டச்டவுன் வந்தும் ஆட்டம் கைக்கு வந்திருக்காது. அந்த ஒரு நாளில் நான்கைந்து உதைகள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தன. ‘பன்ட், பாமா, பன்ட்’ என்ற கேலி வாசகம் அதன்பின் கார்களின் பின்புறமெல்லாம் ஒட்டப்பட்டது. மறுவருடமே ஆபர்ன் மைதானத்துக்கு ஜோர்டன் பெயரையும் சேர்த்தார்கள். அவர் அப்போது இன்னும் பயிற்சியாளராகவே இருந்தார்.

அந்த வெற்றிக்குப் பிறகு ஒன்பது வருடம் தொடர்ந்து அலபாமாவிடம் தோல்வி. ஒன்பது வருடம் என்றால், கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்து வெளியேறிய இரண்டு தலைமுறை மாணவர்கள் ஒரு வெற்றியைக்கூடப் பார்க்கவில்லை. அதை உடைத்தது 1982. பேட் டை பயிற்சியாளர். பந்து முதலாண்டு மாணவன் போ ஜாக்சன் கையில். ஆபர்ன் 22-14 என்று பின்தங்கி, ஒரு ஃபீல்ட் கோலில் 22-17 ஆக்கி, கடைசியாக அலபாமாவின் எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜத்தில் நான்காவது வாய்ப்பு. எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து ஒரு சுவராக நிற்கிறார்கள். போ ஜாக்சன் அந்தச் சுவரை இடித்துக்கொண்டு போகவில்லை, தாவி அதன் மேலே ஏறிப் போனார். ஒரு கணம் மனிதக் குவியலின் உச்சியில் கிடக்கிறார், பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. 23-22. பிரையன்ட் ஆடவைத்த கடைசி அயர்ன் போல் அதுதான். இரண்டு மாதத்துக்குள், 1983 ஜனவரியில், அவர் காலமானார்.

1985-ஐ ஆபர்ன்காரர்கள் சொல்ல விரும்பமாட்டார்கள், நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வருடம் போ ஜாக்சனுக்கு ஹைஸ்மன் விருது கிடைத்தது. அலபாமாவுடனான ஆட்டத்தில் முறிந்த விலா எலும்புகளோடு ஆடினார். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது ஆபர்ன் 23-22 என்று முந்தியது. போதும், முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அலபாமாவின் வான் டிஃபின் 52 கஜத்திலிருந்து உதைத்தார். பந்து உள்ளே போனது. 25-23. உதை கொடுத்ததை உதையே எடுத்துக்கொண்டது.

1989-இல் நடந்தது ஆட்டத்தைவிட இடத்துக்காகவே பெரிது. அயர்ன் போல் காலங்காலமாகப் பர்மிங்ஹாமில்தான். அது பொது இடம் என்று பெயர், ஆனால் ஆபர்ன் தரப்புக்கு அது அலபாமாவின் வீடு மாதிரியே. பேட் டை விடாமல் போராடி ஆட்டத்தை ஆபர்ன் ஊருக்கே கொண்டுவந்தார். டிசம்பர் 2, அதாவது 1972 ஆட்டத்தின் அதே தேதி. தோல்வியே காணாமல் வந்த அலபாமா 30-20 என்று தோற்றுத் திரும்பியது. அணி மைதானத்துக்கு நடந்து வரும் வழியில் கூடிய கூட்டத்தின் படங்களைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அழுதுகொண்டிருக்கும் முதியவர்களை அதில் பார்க்கலாம்.

2004 ஒரு ஆறாத வடு. டாமி டபர்வில் பயிற்சியில், ஜேசன் கேம்பல், ‘காடிலாக்’ வில்லியம்ஸ், ரானி பிரவுன் ஆடிய அணி 13 ஆட்டங்களிலும் வென்றது. ஆனாலும் தேசிய இறுதி ஆட்டத்தில் இடமில்லை. அந்தக் காலத்தில் வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்கையும் சேர்த்து முதல் இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பருவம் தொடங்கும்போதே யூஎஸ்சி (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 1-ஆம் இடம், ஒக்லஹோமா 2-ஆம் இடம், ஆபர்ன் 17-ஆம் இடம். மேலே இருந்த இருவரும் தோற்கவே இல்லை, அதனால் கீழிருந்து வந்தவனுக்குக் கதவு திறக்கவே இல்லை. கடைசியில் அந்த இறுதி ஆட்டத்தில் யூஎஸ்சி ஒக்லஹோமாவை 55-19 என்று நொறுக்கியது. ஆபர்ன் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. மைதானத்தில் தோற்றால் ஒரு கணக்கு தீரும், இது தீரவே தீராது. அந்தப் பருவமே ஓர் உதையில் தப்பியது என்பதையும் சொல்லவேண்டும். செப்டம்பரில் எல்எஸ்யூவோடு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 9-9 என்று இருந்தபோது, வெற்றிக்கான கூடுதல் புள்ளி உதை தவறிப்போனது. ஆனால் எதிரணி வீரர் ஒருவர் செய்த தவறுக்கு நடுவர் கொடி எறிந்தார். மறுபடி உதைக்க வாய்ப்பு, 10-9.

2010-இல் கேம் நியூட்டன் வந்தார். ஒரே ஒரு பருவம்தான் ஆபர்னில் ஆடினார், அதிலேயே ஹைஸ்மன் விருதையும் தேசியப் பட்டத்தையும் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருட அயர்ன் போலில், அலபாமாவின் சொந்த மைதானத்தில், ஆபர்ன் 24-0 என்று பின்தங்கியது. அதற்கு மேலும் சரிந்திருக்கும். அலபாமாவின் மார்க் இங்க்ரம் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தபோது அன்ட்வான் கார்ட்டர் பின்னாலிருந்து துரத்திக் கையால் தட்டினார். விழுந்த பந்து இப்படியும் அப்படியும் துள்ளும் முட்டை வடிவப் பந்துதான். ஆனால் அன்றைக்கு ஓரக்கோட்டை ஒட்டியே, வெளியே போகாமல், கோடு போட்டு வைத்ததுபோல நேராக உருண்டு எல்லையைத் தாண்டியது. விதிப்படி பந்து ஆபர்னுக்கு. இரண்டாம் பாதியில் நியூட்டன் பந்தை ஃபிலிப் லுட்சன்கிர்கனுக்கு எறிந்து 27-27 ஆக்க, அடுத்து வந்த உதையில் 28-27. இறுதி ஆட்டம் அரிசோனாவின் கிளெண்டேலில், ஒரேகன் அணியோடு. 19-19. மைக்கேல் டயர் ஓடும்போது ஒரு வீரர் மடக்கிப் பிடித்தார், இருவரும் சாய்ந்தார்கள். டயர் நின்றுவிட்டார், ஆட்டம் நின்றுவிட்டது என்று அவரே நினைத்தார். ஆனால் அவர் முழங்கால் தரையைத் தொடவே இல்லை, பிடித்தவர் மேல்தான் விழுந்திருந்தார். விசில் வரவில்லை, மறுபடி ஓடத் தொடங்கி 37 கஜம் போய்விட்டார். கடைசி நொடியில் வெஸ் பைரம் 19 கஜத்திலிருந்து உதைத்தார். 22-19. 1957-க்குப் பிறகு முதல் பட்டம்.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கொடுமையும் நடந்தது. ஆபர்ன் ஊரின் நடுவில் டூமர்ஸ் முனை என்ற இடத்தில் இரண்டு பழைய ஓக் மரங்கள் இருந்தன. அணி வென்றால் ஜனங்கள் அங்கே கூடி, டாய்லட் காகிதச் சுருள்களை மரங்கள் மேல் வீசி வெள்ளையாக மூடிவிடுவார்கள். 2010 தோல்வியைத் தாங்கமுடியாத ஓர் அலபாமா ரசிகர் அந்த மரங்களின் வேரில் கடுமையான களைக்கொல்லியைக் கொட்டினார். பிறகு வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன் செய்து அதைப் பெருமையாகவும் சொன்னார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரங்களைக் காப்பாற்ற மண்ணையே தோண்டி மாற்றிப் பார்த்தார்கள், முடியவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஊரே கூடிக் காகிதம் வீசியது.

மரம் போன அதே வருடம் நவம்பரில்தான் நான் சொல்ல வந்த உச்சம். முந்தைய வருடம் ஆபர்ன் 12 ஆட்டங்களில் 3-இல்தான் வென்றிருந்தது. அலபாமாவிடம் 49-0 என்று தோற்றிருந்தது. புதிய பயிற்சியாளர் கஸ் மால்சான். நவம்பர் 16 அன்று ஜார்ஜியாவோடு 20 புள்ளி முன்னணியைக் கோட்டைவிட்டு, நான்காவது வாய்ப்பில் 18 கஜம் தேவை என்ற நிலையில் ஆபர்னின் நிக் மார்ஷல் பந்தைக் கண்காணாத தூரத்துக்கு எறிந்தார். தடுக்க வந்த இரண்டு ஜார்ஜியா வீரர்களும் ஒருவர்மேல் ஒருவர் மோத, கைபட்டு எழும்பிய பந்து ரிக்கார்டோ லூயிஸிடம் வந்தது. 73 கஜ டச்டவுன், 43-38. ஓர் அணிக்கு ஒரு ஜென்மத்துக்குப் போதுமான அதிர்ஷ்டம் அது.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 30, அலபாமா வந்தது. முதலிடம், தோல்வியில்லை, முந்தைய இரண்டு வருடத்துச் சாம்பியன். அன்று அவர்களுடைய உதையாளரின் மூன்று முயற்சிகள் வீணாகியிருந்தன. அதனாலேயே, எளிதான மூன்று புள்ளிக்கு உதைக்கவேண்டிய இடத்தில் உதைக்கப் பயந்து ஓடிப்பார்த்து, அதிலும் தடுக்கப்பட்டார்கள். 32 நொடி மிச்சமிருந்தபோது மார்ஷல் ஓடுவதுபோல வந்து, கடைசி அடியில் பந்தை சாமி கோட்ஸுக்கு எறிந்தார். 28-28. பிறகு அலபாமா வீரர் ஒருவர் ஆபர்னின் 38-ஆவது கஜத்தில் ஓரக்கோட்டைத் தாண்ட, கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. கூடுதல் நேரம் ஆடவேண்டியதுதான். ஆனால் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் இன்னும் ஒரு நொடி இருக்கிறது என்று வாதாடினார். நடுவர்கள் ஒளிப்பதிவைப் பார்த்து அந்த ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நொடியை வாதாடி வாங்கியது அலபாமா என்பதை மறக்காதீர்கள்.

57 கஜ ஃபீல்ட் கோலுக்கு வேறொரு இளைய உதையாளரை அனுப்பினார்கள். மால்சான் இடைவேளை கேட்டு, பின்னால் நின்ற ஆளை மாற்றி கிரிஸ் டேவிஸை நிறுத்தினார். அவர் நின்றது சொந்த எல்லைக்கோட்டுக்கும் பின்னால், கம்பத்துக்குப் பக்கத்தில். இங்கே ஒரு விதி முக்கியம். ஃபீல்ட் கோல் உதை குறைந்து விழுந்தால், அந்தப் பந்தைப் பிடித்து ஓடலாம். உதைக்கும் அணியில் அந்த நேரம் களத்தில் நிற்பவர்கள் உதையாளரைக் காக்கும் பாரமான ஆட்கள், துரத்தி ஓடுபவர்கள் அல்ல. பந்து கம்பத்துக்குக் கொஞ்சம் முன்பே தாழ்ந்தது. டேவிஸ் பிடித்தார். முதலில் நேராக, பிறகு இடதுபுறம் வளைந்து ஓரக்கோட்டை ஒட்டி ஓடினார். ஒரு காலடி தவறினாலும் வெளியே, அவ்வளவு நெருக்கம். பாதி மைதானம் தாண்டியபோது அவருக்கு முன்னால் அலபாமா ஆள் யாரும் இல்லை. கடிகாரத்தில் நேரமும் இல்லை. 34-28. அவர் ஓடியது ஏறக்குறைய 109 கஜம், ஏட்டில் ஏறுவது 100 மட்டும். இதற்கு ‘கிக் சிக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

இதை ஒருமுறை வானொலி வர்ணனையோடு கேளுங்கள். ஆபர்னின் வர்ணனையாளர் ராட் பிராம்ப்லெட்டின் குரல் டேவிஸோடு கூடவே ஓடி, பாதியில் உடைந்து, ஆபர்ன் ஜெயிக்கப்போகிறது என்று கத்தும். 2019 மே மாதம் அவரும் அவர் மனைவியும் கார் விபத்தில் இறந்தார்கள். அந்தக் குரலை அதன்பின் என்னால் பழைய மாதிரி கேட்க முடிவதில்லை. 2013 பருவத்தின் தேசிய இறுதியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 34-31 என்று, 13 நொடி மிச்சமிருக்க, ஆபர்ன் தோற்றது. ஆனால் 2013 என்றால் யாரும் அந்தத் தோல்வியைச் சொல்வதில்லை.

அதன்பிறகும் கால் விடவில்லை. 2019-இல் அலபாமாவின் 30 கஜ உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது, ஆபர்ன் 48-45. 2023-இல் திருப்பம் மறுபக்கம். ஆபர்ன் 24-20 என்று முன்னணியில் இருந்தது, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம். அலபாமா பன்ட் உதைத்தது. பிடிக்க நின்ற ஆபர்ன் வீரரின் கையிலிருந்து பந்து நழுவியது, அலபாமா அதை அமுக்கியது. அதில் தொடங்கிய முயற்சியின் முடிவில் நான்காவது வாய்ப்பு, எல்லைக்கு இன்னும் 31 கஜம். ஜேலன் மில்ரோ எறிந்தார், மூலையில் ஐசாயா பாண்ட் பிடித்தார். கிரிஸ் டேவிஸ் ஓடிய அதே மைதானத்தில், 27-24, அலபாமா.